கட்சிகளையும் அரசியல்வாதிகளையும் புள்ளியியலால் ஆராய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் முடிவுகளைத் தரவிறக்கி வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று யோசிக்கும் இதழாளர்களுக்கும் முதுகலை மாணவர்களுக்கும் கட்சிகளின் தரவுப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கும் இந்தப் பக்கம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்களிலிருந்து வருகின்றன. தேர்தலுக்குத் தேர்தல் கூட்டணி மாறும் மாநிலம் இது; பாடநூல் சூத்திரங்கள் பல இங்கே அப்படியே செல்லுபடியாகாது. எங்கே சறுக்கும் என்பதற்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

தரவு எங்கே கிடைக்கும்?

தொகுதிவாரி முடிவுகளுக்கு இந்தியத் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளே முதல் ஆதாரம். அவற்றைச் சுத்தம் செய்து அட்டவணையாகத் தருவது அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் லோக் தாபா தளம். வாக்குச்சாவடிவாரி எண்ணிக்கை வேண்டுமானால் படிவம் 20. மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தொகுதிக்கு ஒரு கோப்பாக இருக்கும். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு, கல்வி ஆகியவை படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் வரும். அவற்றைத் தொகுத்துத் தருவது ஏ.டி.ஆர். (ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்) அமைப்பின் மைநேதா தளம். நாடாளுமன்ற உறுப்பினர்களின் வருகை, கேள்விகள், விவாதங்களுக்கு பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு நிறுவனம்; வாக்காளர் கருத்துக்கு லோக்நிதி-சி.எஸ்.டி.எஸ். ஆய்வு மையம் நடத்தும் தேர்தலுக்குப் பிந்தைய ஆய்வுகள்.

படிவம் 20 பல தொகுதிகளுக்கு ஸ்கேன் செய்த படமாகவே இருக்கும். எழுத்துணரி மென்பொருள் 3ஐ 8 ஆகவும், 1ஐ 7 ஆகவும் படித்துவிடும். ஒவ்வொரு சாவடியிலும் வேட்பாளர்களின் கூட்டுத்தொகை, செல்லுபடியான வாக்குகள் என்ற நெடுவரிசையோடு பொருந்துகிறதா, ஒவ்வொரு வேட்பாளரின் மொத்தமும் அறிவிக்கப்பட்ட முடிவோடு பொருந்துகிறதா என இரு திசையிலும் கூட்டிப் பாருங்கள். தபால் வாக்குகள் எந்தச் சாவடியிலும் சேராது, கடைசியில் தனி வரியாக வரும். அதை மறந்தால் மொத்தம் இடிக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்?

முதலில் எல்லைகள். 2008 தொகுதி மறுவரையறை தமிழ்நாட்டில் 2009 மக்களவைத் தேர்தலிலும் 2011 சட்டமன்றத் தேர்தலிலும் நடைமுறைக்கு வந்தது. 2006இல் இருந்த பெயரிலேயே 2011இல் ஒரு தொகுதி இருக்கலாம், நிலப்பரப்பு வேறு. பெயரை மட்டும் பார்த்து இரண்டையும் ஒரே தொகுதியாக இணைக்காதீர்கள். தொகுதி எண், மறுவரையறைக் காலம் இரண்டையும் சேர்த்து ஒரு அடையாளக் குறி உருவாக்குங்கள்.

அடுத்து, எந்தத் தேர்தல் என்பது. 2016 மே மாதம் 232 தொகுதிகளுக்குத்தான் வாக்குப்பதிவு நடந்தது. அரவக்குறிச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பணப் பட்டுவாடா புகாரால் தள்ளிவைக்கப்பட்டு நவம்பரில் நடந்தது. அதனால்தான் அதிமுகவுக்கு ஓர் அட்டவணையில் 134, இன்னொன்றில் 136 என்று இருக்கும். இரண்டும் சரி. எதை எடுத்தீர்கள் என்று எழுதிவிட வேண்டும்.

மூன்றாவது, நோட்டா. 2013இலிருந்து அது வாக்குச்சீட்டில் இருக்கிறது. மொத்தத்தில் அதைச் சேர்த்து வகுக்கலாம், நீக்கியும் வகுக்கலாம். நோட்டா 1% உள்ள இடத்தில், சேர்த்துக் கணக்கிட்டால் 40% பெறும் கட்சி, நீக்கினால் 40.4% ஆகும். ஒரு தேர்தலுக்கு ஒன்று, அடுத்ததற்கு இன்னொன்று என்று கலந்தால், இல்லாத வளர்ச்சி ஒன்று முளைக்கும்.

நான்காவது, வேட்பாளர் பெயர்கள். முன்னெழுத்து முன்னே, பின்னே, புள்ளியோடு, புள்ளியில்லாமல் எனப் பலவிதமாக வரும். பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து இருவரை ஒருவராக்கக் கூடாது. 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் நின்றபோது அதே பெயரில் வேறு சுயேச்சைகளும் நின்றார்கள். வயது, கட்சி, தந்தை பெயர் என்று இன்னும் இரண்டு அடையாளங்களாவது பொருந்தட்டும்.

வாக்கு விகிதம் கட்சியின் பலத்தைக் காட்டுமா?

தனியாகக் காட்டாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இந்தப் பதிலைப் படியுங்கள்.

2006இல் அதிமுக மாநில வாக்குகளில் 32.6% பெற்று 61 இடங்களில் வென்றது. திமுக 26.5% பெற்று 96 இடங்களில் வென்றது. 6 புள்ளி பின்தங்கிய கட்சிக்கு 35 இடம் கூடுதல் என்று இதைப் படித்தால் தேர்தல் முறையே கோணலாகத் தெரியும். அதிமுக 188 இடங்களில் நின்றது, திமுக 132 இடங்களில்தான் நின்றது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். போட்டியிட்ட தொகுதிகளில் மட்டும் கணக்கிட்டால் திமுகவுக்குச் சுமார் 46%, அதிமுகவுக்குச் சுமார் 41%. புதிர் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு 2016க்கும் 2021க்கும் இடையில் கிடைக்கிறது. அதிமுகவின் வாக்கு 40.8%இலிருந்து 33.3%க்கு இறங்கியது, ‘ஏழரைப் புள்ளி சரிவு’ என்று அதைச் சொல்லிவிடலாம். ஆனால் 2016இல் இரட்டை இலை எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. 2021இல் பாமகவுக்கு 23, பாஜகவுக்கு 20 போக 191 தொகுதிகளில்தான் நின்றது. 33.3ஐ 234ஆல் பெருக்கி 191ஆல் வகுத்தால் 40.8 வருகிறது. நின்ற இடங்களில் சராசரியாக அந்தச் சின்னம் வாங்கிய பங்கு ஏறக்குறைய அப்படியே இருந்திருக்கிறது. மாறியது எதிரணி: 2016இல் சிதறிக் கிடந்த எதிர்ப்பு வாக்குகள் 2021இல் ஒரே கூட்டணியில் சேர்ந்தன.

அப்படியானால் போட்டியிட்ட தொகுதிகளின் விகிதத்தை மட்டும் பயன்படுத்தினால் போதுமா?

போதாது, அதிலும் இரண்டு கோளாறுகள் உண்டு. எந்தக் கட்சியும் தனக்குச் சாதகமான தொகுதிகளைத்தான் பேசி வாங்கும். எனவே அந்தத் தொகுதிகள் மாநிலத்தின் சராசரி மாதிரி அல்ல. அதோடு, அங்கே விழும் வாக்கில் தோழமைக் கட்சிகளின் வாக்கும் கலந்திருக்கும். 2021இல் காங்கிரஸ் 25 தொகுதிகளில் வாங்கிய வாக்கு முழுவதும் காங்கிரஸ் வாக்கு என்று அந்தக் கட்சிக்காரரே சொல்லமாட்டார்.

நடைமுறையில் மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நல்லது: மாநில விகிதம், போட்டியிட்ட தொகுதிகளின் விகிதம், கூட்டணி விகிதம். கட்சியின் தனி பலத்தை மதிப்பிட வேண்டுமானால், அது ஒரு தேர்தலில் தனித்தும் அடுத்ததில் கூட்டணியிலும் நின்ற அதே தொகுதிகளை ஒப்பிடலாம். தேமுதிக 2006இல் தனியாக நின்று 8.4% வாங்கியது, 2011இல் அதிமுக கூட்டணியில் 7.9% வாங்கி 29 இடங்களை வென்றது. இந்த இரண்டையும் வைத்து ‘வாக்கு குறைந்தது’ என்பதும் தவறு, ‘இடம் 29 மடங்காகியது, செல்வாக்கு ஏறியது’ என்பதும் தவறு.

ஒரு கட்சி வென்ற இடங்களைக்கூடவா தவறாக எண்ண முடியும்?

முடியும், அடிக்கடி நடக்கிறது. 2021இல் தேர்தல் ஆணையக் கணக்கில் திமுகவுக்கு 133 இடங்கள். அவர்களில் 8 பேர் உதயசூரியன் சின்னத்தில் நின்ற தோழமைக் கட்சியினர்: மதிமுக 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசிய கட்சி 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. திமுகவின் சொந்த எண்ணிக்கை 125. ஆணையம் சின்னத்தின் வழியாகத்தான் கட்சியைப் பதிவு செய்கிறது. ஆணையத்தின் அட்டவணையை மட்டும் நம்பினால், மதிமுக அந்தத் தேர்தலில் போட்டியே இடவில்லை என்று ஆகிவிடும். ‘சின்னம்’, ‘உண்மைக் கட்சி’, ‘கூட்டணி’ என மூன்று நெடுவரிசைகள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் கையால்தான் நிரப்ப வேண்டும். தொகுதிப் பங்கீட்டு அறிவிப்புகளைப் பார்த்து நிரப்புங்கள்.

ஒரு மாநிலத்தில் எத்தனை கட்சிகள் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது?

பெயர்களை எண்ணுவதில் பயனில்லை. பதிவு செய்த கட்சிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. லாக்சோவும் தாகெபெராவும் 1979இல் தந்த ‘செயல்படும் கட்சி எண்ணிக்கை’ இதற்கான அளவு. ஒவ்வொரு கட்சியின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, 1ஐ அந்தக் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இரண்டு கட்சிகள் சரிபாதியாக இருந்தால் விடை 2. நான்கு சமமாக இருந்தால் 4.

2021 சட்டமன்றத்தைப் போட்டுப் பார்ப்போம்: 133, 66, 18, 5, 4, 4, 2, 2. இவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 22,434. 234இன் வர்க்கம் 54,756. வகுத்தால் 2.44. அதே சபையைக் கூட்டணியாக, அதாவது 159, 75 என எடுத்தால் 1.77. வாக்குகளைக் கட்சிவாரியாக வைத்துக் கணக்கிட்டால் சுமார் 3.8. மூன்று விடைகளும் ஒரே தேர்தலைப் பற்றியவை. மக்கள் நான்கு பக்கம் பிரிந்து வாக்களித்தார்கள்; தொகுதிமுறை அதைச் சுருக்கியது; கூட்டணியாகப் பார்த்தால் ஓரணி ஓங்கிய சபை. எதைக் கேட்கிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு கணக்குப் போடுங்கள்.

‘மற்றவர்கள்’ என்ற வரியை ஒரே கட்சியாக வைப்பதா என்ற தயக்கம் வரும். 3% அளவில் இருந்தால் அதன் வர்க்கம் மிகச் சிறியது, விடை அசையாது. 15% ஆகிவிட்டால் கட்டாயம் உடைத்துப் போட வேண்டும்.

வாக்குக்கும் இடத்துக்கும் உள்ள முரண்பாட்டை எப்படி அளப்பது?

காலகர் குறியீட்டை எடுங்கள். ஒவ்வொரு கட்சிக்கும் வாக்கு விகிதத்திலிருந்து இட விகிதத்தைக் கழித்து, வர்க்கப்படுத்தி, எல்லாவற்றையும் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 2021 தமிழ்நாட்டுக்குக் கட்சிவாரியாகச் செய்தால் சுமார் 15 வருகிறது. அதில் பெரும்பங்கு ஒரே ஒரு இடைவெளியிலிருந்து வருகிறது: திமுக 37.7% வாக்கில் 56.8% இடங்களைப் பெற்றது. அடுத்த பெரிய பங்கு நாம் தமிழர் கட்சியுடையது; 6.6% வாக்கு, இடம் எதுவுமில்லை.

இந்த மாநிலத்தில் இந்த எண் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பழைய தேர்தல்களைப் பாருங்கள். 1991இல் திமுக ஏறத்தாழ 22% வாக்கு வாங்கி 2 இடங்களில் வென்றது. 1996இல் அதிமுக ஏறத்தாழ 21% வாங்கி 4 இடங்கள். 2014 மக்களவையில் திமுகவுக்கு 39இல் ஒன்றுகூட இல்லை. வாக்கு 23%க்கு மேல். ஐந்தில் ஒருவர் ஆதரிக்கும் கட்சி சபையில் ஏறக்குறைய இல்லாமலே போகிறது. ‘கட்சி அழிந்தது’ என்று இட எண்ணிக்கையைப் பார்த்து எழுதியவர்கள் இங்கே மீண்டும் மீண்டும் தவறியிருக்கிறார்கள்.

வாக்காளர்கள் எவ்வளவு கட்சி மாறுகிறார்கள்?

பெடர்சன் குறியீடு: இரண்டு தேர்தல்களுக்கு இடையில் ஒவ்வொரு கட்சியின் விகிதம் எத்தனை புள்ளி மாறியது என்று குறி பார்க்காமல் கூட்டிப் பாதியாக்குவது. 2016-2021க்கு இது சுமார் 15 முதல் 16 வரை வரும். இந்த எண்ணை அப்படியே வெளியிடாதீர்கள். அதிமுகவின் ஏழரைப் புள்ளி தொகுதிப் பங்கீட்டால் வந்தது என்று மேலே பார்த்தோம். காங்கிரஸ் 41 தொகுதிகளிலிருந்து 25க்கு இறங்கியதும் அதே கணக்கில் சேர்கிறது. தலைவர்கள் மேசையில் மாற்றியதையெல்லாம் வாக்காளர் மனம் மாறியதாக இந்தக் குறியீடு எண்ணிவிடும். கூட்டணிவாரியாக மறுபடி கணக்கிட்டு இரண்டையும் தாருங்கள்.

‘மூன்றாவது கட்சி வாக்கைப் பிரித்ததால்தான் தோற்றார்’ என்பதை நிரூபிக்க முடியுமா?

வெற்றி வித்தியாசத்தைவிட மூன்றாவது வேட்பாளர் அதிகம் வாங்கியிருக்கிறார் என்பதால் மட்டும் முடியாது. 2021இல் தியாகராய நகர் வித்தியாசம் 137 வாக்குகள், மொடக்குறிச்சியில் 281. இப்படிப்பட்ட தொகுதியில் நோட்டாகூட முடிவை மாற்றியதாகச் சொல்லிவிடலாம். அந்த வாக்குகள் இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும் என்பதுதான் கேள்வி. கொஞ்சம் முதலாமவருக்கு, கொஞ்சம் இரண்டாமவருக்கு, கொஞ்சம் வாக்களிக்காமலே.

ஒரு எளிய சோதனை: மூன்றாமவரின் வாக்கு 10,000, வித்தியாசம் 2,000 என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 30% பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்றால் மீதி 7,000. முடிவு மாற வேண்டுமானால் இரண்டாமவர் அதில் 4,500க்கு மேல், அதாவது 64%க்கு மேல் பெற வேண்டும். இந்தத் தேவையான விகிதத்தைத் தொகுதிதோறும் கணக்கிட்டு வெளியிடுங்கள். 55% என்றால் நம்பலாம், 90% என்றால் நம்புவது கடினம் என்று வாசகரே எடைபோடட்டும். கருத்தாய்வில் ‘உங்கள் இரண்டாவது தேர்வு எது’ என்ற கேள்வி இருந்தால் இன்னும் நல்லது.

எந்தச் சாதி யாருக்கு வாக்களித்தது என்று பூத் கணக்கிலிருந்து சொல்லலாமா?

மிகுந்த எச்சரிக்கையோடு மட்டும். ஒரு சாவடியில் ஒரு சமூகம் அதிகம், ஒரு கட்சி வாக்கும் அதிகம் என்றால், அந்தச் சமூகத்தினர்தான் அந்தக் கட்சிக்குப் போட்டார்கள் என்று ஆகாது. அங்கே வாழும் மற்றவர்களும் போட்டிருக்கலாம். 1950இலிருந்தே புள்ளியியலாளர்கள் இந்தக் குழியை எச்சரித்து வருகிறார்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது எல்லைகளைத்தான். சாவடியில் ஒரு சமூகம் 60%, கட்சி பெற்றது 70% என்க. மற்ற 40% பேர் முழுவதும் அந்தக் கட்சிக்கே போட்டார்கள் என்று வைத்தாலும், மீதி 30 புள்ளி அந்தச் சமூகத்திலிருந்து வந்தாக வேண்டும். எனவே அவர்களிடம் ஆதரவு குறைந்தது 50%; மேல் எல்லை 100%. வாக்களிப்பு விகிதம் இரு தரப்பிலும் ஒன்று என்ற அனுமானம் இதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே சமூகம் 90%க்கு மேல் வாழும் சாவடிகளில் எல்லை குறுகும். ஆனால் அந்தச் சாவடிகளின் மக்கள் கலந்து வாழும் இடங்களின் மக்களைப் போல வாக்களிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதமில்லை.

இன்னொரு தடை தரவே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டியல் சாதி, பழங்குடி எண்ணிக்கை ஊர் அளவில் உண்டு. மற்ற சாதிகளுக்கு முழு எண்ணிக்கை 1931க்குப் பிறகு வெளியாகவில்லை. கட்சிக்காரர்கள் சொல்லும் ‘இந்தத் தொகுதியில் எங்கள் ஆட்கள் 80 ஆயிரம்’ போன்ற எண்களை எந்த ரெக்ரஷனிலும் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் முறை) நுழைக்காதீர்கள். எல்லாச் சமூகத்தாரும் சொல்வதைக் கூட்டினால் பல தொகுதிகளில் மொத்தம் நூறு சதவீதத்தைத் தாண்டும். வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரைப் பார்த்து ஒருவரின் மதத்தையோ சாதியையோ ஊகிக்கும் நிரல்களைப் பயன்படுத்துவதானால் முடிவுகளைச் சாவடி அளவுக்குக் கீழே வெளியிடவே கூடாது. தனி மனிதருக்குத் தீங்கு நேரும் இடம் அது.

2021ஐப் பழைய தேர்தலோடு சாவடிவாரியாக ஒப்பிடுவோர் கவனிக்க: கொரோனாவால் 1,000 பேருக்கு மேல் இருந்த சாவடிகள் பிரிக்கப்பட்டன. எண்கள் நகர்ந்துவிட்டன. பள்ளிக்கூடத்தின் பெயரையும் பாகம் எண்ணையும் வைத்துப் பொருத்தி, பிரிந்தவற்றை மறுபடி கூட்டிய பிறகே ஒப்பிட முடியும்.

பதவியில் இருப்பது அடுத்த தேர்தலில் உதவுமா, கெடுக்குமா?

மாநில அளவில் கேட்டால் தரவு மிகக் குறைவு. 1989 முதல் 2021 வரை 8 சட்டமன்றத் தேர்தல்கள். இடையில் 7 வாய்ப்புகளில் 6 முறை வெற்றி பெற்ற கட்சி மாறியிருக்கிறது, 2016 மட்டும் விலக்கு. ஆட்சி மாற்றம் இங்கே விதி என்று தோன்றும். நாணயத்தை 7 முறை சுண்டி 6 அல்லது 7 முறை தலை விழும் வாய்ப்பு 128இல் 8, அதாவது சுமார் 6%. வியப்பூட்டும் எண் அல்ல. 7 நிகழ்வுகளிலிருந்து விதி எழுத முடியாது.

தொகுதி அளவில் நல்ல வழி இருக்கிறது. மயிரிழையில் வென்றவரையும் மயிரிழையில் தோற்றவரையும் ஒப்பிடுவது. 2016இல் ராதாபுரத்தில் 49 வாக்கு வித்தியாசம். அங்கே வென்றவரும் தோற்றவரும் செல்வாக்கில் ஏறத்தாழ சமம் என்று கொள்ளலாம், வேறுபாடு பதவி மட்டுமே. 2021 ஆத்தூரில் 1,35,571 வாக்கு வித்தியாசத்தில் வென்ற ஐ. பெரியசாமியை இந்த ஒப்பீட்டில் சேர்க்க முடியாது.

செய்முறை: வித்தியாசத்தை விகிதமாக மாற்றுங்கள், பூச்சியத்துக்கு இருபுறமும் ஒரு அகலம் தேர்ந்தெடுங்கள் (ஆர் மென்பொருளில் ஆர்டிரோபஸ்ட் தொகுப்பு அதைத் தரவிலிருந்தே கணிக்கும்), அடுத்த தேர்தலின் முடிவுக்கு இருபுறமும் நேர்கோடு பொருத்தி, பூச்சியத்தில் உள்ள தாவலை அளவிடுங்கள். பிறகு அந்த அகலத்தைப் பாதியாக்கியும் இரட்டித்தும் பாருங்கள். விடை தலைகீழானால் உங்களிடம் முடிவு இல்லை. முந்தைய தேர்தலின் வாக்கு விகிதம் போன்ற பழைய தகவல்களில் தாவல் இருக்கவே கூடாது. இருந்தால் ஒப்பீடு நியாயமானதல்ல.

பெரிய பொறி ஒன்று: பதவியில் இருப்பவருக்கு மறுபடி சீட்டு கிடைக்காமல் போவது இங்கே சர்வசாதாரணம். மீண்டும் நின்றவர்களை மட்டும் எடுத்தால், கட்சித் தலைமை ஏற்கெனவே வடிகட்டியவர்களை ஆராய்கிறீர்கள். நிற்காதவர்களையும் ‘வெல்லவில்லை’ என்று சேர்த்து ஒருமுறை கணக்கிடுங்கள். 234 தொகுதிகளில் நெருங்கிய போட்டிகள் போதாது. பல தேர்தல்களை, பல மாநிலங்களைச் சேர்க்க வேண்டும். அப்படி இந்திய மாநிலங்களை வைத்து யோகேஷ் உப்பல் 2009இல் வெளியிட்ட ஆய்வு, பதவியில் இருப்பது வேட்பாளருக்குப் பாதகமே என்று கண்டது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் இதே முறையில் கிடைத்த விடை இதற்கு நேர் எதிர்.

பிரமாணப் பத்திரத்தை வைத்து ‘சொத்து 150% கூடியது’ என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அது எதையும் நிரூபிக்காது. ஐந்தாண்டில் 2 கோடி 5 கோடியானால் 150%. ஆண்டுக்குச் சுமார் 20%. நிலத்தின் சந்தை மதிப்பு ஏறியிருக்கலாம். முதல் பத்திரத்தில் வாங்கிய விலையையும் இரண்டாவதில் சந்தை விலையையும் எழுதியிருக்கலாம். வாழ்க்கைத் துணையின் சொத்து ஒன்றில் சேர்ந்து ஒன்றில் விடுபட்டிருக்கலாம். எனவே அசையும் சொத்து, அசையாச் சொத்து, கடன் ஆகியவற்றைத் தனித்தனியே பிடியுங்கள், விலைவாசியைக் கழியுங்கள், சராசரிக்குப் பதில் இடைநிலையை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) தாருங்கள். ஒரு பெரும் தொழிலதிபர் சராசரியைத் தூக்கிவிடுவார்.

ஒப்பீடு யாரோடு என்பதே உயிர். ஃபிஸ்மன், ஷுல்ஸ், விக் ஆகியோர் இந்தியச் சட்டமன்றங்களை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், வென்றவரை அதே தொகுதியில் இரண்டாம் இடம் வந்தவரோடு ஒப்பிட்டார்கள். இருவரும் அடுத்த தேர்தலில் மீண்டும் நின்றிருக்க வேண்டும். வென்றவர்களின் சொத்து ஆண்டுக்கு 3 முதல் 5 புள்ளி வரை கூடுதலாக வளர்ந்தது. ‘150%’ போன்ற தலைப்புகளுக்கு முன் இது சிறிய எண்ணாகத் தெரியலாம், ஆனால் தாங்கி நிற்கும் எண்.

வழக்குகளுக்கு வந்தால், மறியலில் கைதானதும் கொலை முயற்சியும் ஒரே ‘1’ ஆகக் கூடாது. சட்டப் பிரிவைப் பதிவு செய்யுங்கள். 2024 ஜூலைக்குப் பிந்தைய வழக்குகளில் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு எண்கள் வரும். பொருத்த அட்டவணை இல்லாமல் பழைய நிரலை ஓட்டினால் வகைப்பாடு முழுவதும் கலைந்துவிடும்.

எம்.எல்.ஏ.க்களின் கொள்கை நிலைப்பாட்டை வாக்கெடுப்பிலிருந்து கணிக்கலாமா?

அமெரிக்காவில் பூலும் ரோசந்தாலும் உருவாக்கிய நாமினேட் முறை அதைச் செய்கிறது. அங்கே ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாகும். இங்கே பெரும்பாலான தீர்மானங்கள் குரல் வாக்கெடுப்பில் முடிகின்றன. பெயர்வாரி வாக்கெடுப்பு நடந்தாலும், 1985 கட்சித்தாவல் தடைச் சட்டத்தால் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். 2017 பிப்ரவரி 18 நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவை (ஆதரவு 122, எதிர்ப்பு 11) அரிதானவை. அதிலும் திமுக உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். அதை மாதிரியில் போட்டால் வாக்களிக்காதவர்களின் நிலைப்பாடு காணாமல் போகும். இங்கே பயன்படுவது கேள்விகள், வெட்டுத் தீர்மானங்கள், உரைகள். அமைச்சர்கள் கேள்வி கேட்பதில்லை. அவர்களை ‘செயல்படாதவர்கள்’ பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தேர்தல் அறிக்கைகளைக் கணினியால் ஒப்பிட முடியுமா?

முடியும், ஆனால் முதல் சண்டை எழுத்துருவோடு. பழைய அறிக்கைகள் பாமினி, டேப், டேம் போன்ற குறியாக்கங்களில் இருக்கும், பி.டி.எஃப்.இல் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவதை நகலெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எந்தக் குறியாக்கம் என்று கண்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். ஒவ்வோர் அறிக்கையிலும் இரண்டு பக்கத்தைக் கண்ணால் படித்துச் சரிபாருங்கள்.

அடுத்து, விகுதிகள். விவசாயி, விவசாயிகள், விவசாயிகளுக்கு, விவசாயிகளுக்கான, விவசாயிகளையும் என்பவற்றைக் கணினி ஐந்து சொற்களாக எண்ணும். வேர்ச்சொல்லுக்குக் குறுக்காமல் வேர்ட்ஃபிஷ் போன்ற, சொற்கள் வரும் எண்ணிக்கையிலிருந்து கட்சியின் நிலைப்பாட்டைக் கணிக்கும் முறையை ஓட்டினால், கொள்கைக்குப் பதிலாக எழுதியவரின் நடை அளக்கப்படும். தலைப்புவாரியாக வாக்கியங்களைக் கையால் குறிப்பது மெதுவானது, இன்றும் நம்பத்தக்கது. இருவர் தனித்தனியே குறித்து, 100 வாக்கியத்தில் எத்தனையில் ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். 70க்குக் கீழே போனால் எங்கள் அனுபவத்தில் வகைகளே தெளிவாக இல்லை என்று பொருள்.

1,000 பேரிடம் கேட்டு மாநில முடிவைச் சொல்ல முடியுமா?

முறையாகத் தற்செயல் மாதிரி எடுத்தால் ஒரு கட்சியின் விகிதத்தில் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 3 புள்ளி. முன்னிலைக்கு அதே வரம்பைச் சொல்வதுதான் வழக்கமான தவறு. 40க்கு 36 என்றால் முன்னிலை 4. அதன் பிழை வரம்பு 5.4 புள்ளி. அதாவது யார் முன்னே என்றே சொல்ல முடியாது. ஒரே ஊரில் 20 பேரைக் கேட்டால் அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள், உண்மையான மாதிரி அளவு பாதியாகக்கூடக் குறையலாம். இதற்கும் மேலே, வாக்கிலிருந்து இடத்துக்குப் போகும் கணக்கு ஒவ்வொரு புள்ளியையும் பல இடங்களாகப் பெருக்கும். 2016இல் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை திமுகவை முன்னிறுத்தின. ஆட்சி அதிமுகவிடமே இருந்தது. இட எண்ணிக்கையை மட்டும் சொல்லி, வாக்கு விகிதத்தையும் மாதிரி எடுத்த முறையையும் மறைக்கும் கணிப்பை ஆய்வில் பயன்படுத்த வேண்டாம்.

பென்ஃபோர்டு விதியால் தேர்தல் மோசடியைக் கண்டுபிடிக்கலாமா?

பரந்து விரிந்த எண் தொகுப்புகளில் முதல் இலக்கமாக 1 அதிகமாகவும் 9 மிகக் குறைவாகவும் வரும் என்பது அந்த விதி. சாவடி எண்ணிக்கையின் முதல் இலக்கத்துக்கு அது பொருந்தாது. அந்த விதிக்கு எண்கள் பத்துகளிலிருந்து லட்சங்கள் வரை விரிந்திருக்க வேண்டும். சாவடிகளோ சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் வாக்காளர்கள் கொண்டவை. 45% வாங்கும் கட்சிக்கு முதல் இலக்கம் 3, 4, 5 என்றே குவியும். நேர்மையான தேர்தலும் இந்தச் சோதனையில் தோற்கும். சந்தேகம் இருந்தால் வாக்குப்பதிவு முடிந்ததும் சாவடியில் நிரப்பும் படிவம் 17சி-யில் பதிவான மொத்த வாக்கையும் படிவம் 20இல் எண்ணப்பட்ட மொத்தத்தையும் சாவடிவாரியாக ஒப்பிடுங்கள். பொருந்தாத சாவடிகளுக்கு முதலில் சாதாரணக் காரணங்களைத் தேடுங்கள்: மாதிரி வாக்குப்பதிவின் வாக்குகள் அழிக்கப்படாத இயந்திரம், பழுதால் ஒதுக்கி வைக்கப்பட்ட இயந்திரம், மறுவாக்குப்பதிவு, தட்டச்சுப் பிழை. அவற்றைக் கழித்த பிறகும் மிஞ்சும் சாவடிகளின் பட்டியலை, எண்களோடு, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்.